பன்னிரண்டு கிளைகளும் ஒரு தொப்பியும்

இடது கையை எங்கள் தோட்டச் சங்கத்தின் விதிப்புத்தகத்தின் மேலும், வலது கையை நெஞ்சின் மேலும் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் வீட்டில் விதிப்புத்தகத்தைவிடப் புனிதமான பொருள் வேறு இல்லை. பைபிள் ஒன்று இருக்கிறது. ஆனால் அது அலமாரியின் உடைந்த காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறது. உருவினால் பீங்கான் எல்லாம் கீழே வந்துவிடும்.

எங்கள் சங்கத்தின் பெயர் ‘காலைப்பனி’. ரயில் பாதைக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நாங்கள் குத்தகைக்கு எடுத்திருக்கும் முப்பது தோட்ட மனைகள். வேலிச்செடி ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வளரக்கூடாது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காய்கறியாக இருக்க வேண்டும். மதியம் ஒன்று முதல் மூன்று வரை அமைதி நேரம். இந்த அமைதி நேரத்தை நாங்கள் எந்த அளவுக்கு மதிக்கிறோம் என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். போயே ஹான்சன் என்பவருக்கு ஒரு ஜூலை மாதம் மதியம் ஒன்று பத்துக்குத் தும்மல் வந்தது. மூன்று மணி வரை அடக்கி வைத்திருந்தார். மணி அடித்ததும் விட்டார். அவருடைய தக்காளிப் பந்தல் இரண்டு மனை தள்ளிப் போய் விழுந்தது. யாரும் புகார் செய்யவில்லை. மூன்று மணி தாண்டியிருந்ததே.

விதி பதினேழு, காட்டு மரங்களும் வால்நட் மரமும் வளர்க்கக்கூடாது என்கிறது. ஹெர்மா நிசெனின் மனையில் ஒரு வால்நட் மரம் இருந்தது.

ஹெர்மா முப்பத்தோரு வருடம் மீனுக்குப் புகைபோடும் கூடத்தில் வேலை செய்தவர். விலாங்கு, ஹெர்ரிங், கானாங்கெளுத்தி எல்லாவற்றின் வாசனையும் அவர் தோலுக்குள் இறங்கிவிட்டது. எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. அவர் எங்கே போனாலும் ஈக்கள் கூடவே போகும். பேருந்தில் அவர் ஏறும்போது ஈக்களும் ஏறும். ஓட்டுநர் நாகரிகமாகத் தலையைத் திருப்பிக்கொள்வார். ஆனால் வால்நட் இலையின் வாசனை ஈக்கு ஆகாது. அந்த மரத்தடியில் ஒரு நாற்காலி, ஒரு காப்பிக் குடுவை, நாலு சதுர மீட்டர் நிழல். உலகத்திலேயே அந்த இடத்தில்தான் ஹெர்மாவின் முகத்தில் ஈ உட்காராது. பழைய தலைவருக்குக் கண் சரியாகத் தெரியாது. இருபது வருடமாக அந்த மரத்தைப் பதிவேட்டில் ‘காய்கறி, உயரமானது’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

எண்பத்தெட்டில் புதிய தலைவர் வந்தார். டெட்லெஃப் பிரோடர்சன். முப்பது வருடம் டிராம் வண்டிகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர். எங்கள் ஊரில் டிராம் நின்று மூன்று வருடம் ஆகியும் தொப்பியை மட்டும் அவர் கழற்றவில்லை. நான் டிராம் ஓட்டியவன். அவர் கெட்டவர் என்று யாராவது நினைத்தால் அது தவறு. எனக்குக் கால் உடைந்தபோது ஆறு வாரம் தினமும் பட்டாணி சூப் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. அவருக்குத் தேவையும் இருக்கவில்லை.

செப்டம்பரில் ஹெர்மாவுக்குக் கடிதம் போனது. அக்டோபர் மாதத்துப் பொதுவேலை சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் மரம் போய்விட வேண்டும். எல்லோரும் சேர்ந்து உழைக்கும் பொதுவேலை நாட்களில் அந்த வருடத்தின் கடைசி அதுதான். ஹெர்மா அந்தக் கடிதத்தை என்னிடம் காட்டி, “மரம் போனா நானும் போறேன். ஈயோட உக்காந்திருக்கிறதுக்கு எனக்கு வீட்லயே இடம் இருக்கு” என்றார்.

வெள்ளிக்கிழமை சங்கக் கட்டடத்தில் பீர் குடித்துக்கொண்டே நாங்கள் எல்லோரும் பேசினோம். ஒருவர்கூட ரம்பத்தைத் தொடுவதாக இல்லை. பிளம் கேக்குக்காக வாரம் தவறாமல் ஹெர்மா வீட்டுக்குப் போகும் கெஷே லூர்ஸ் என்பவர்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்: “நானா? ஹெர்மா மரத்துலயா? என் கை அழுகிப் போகும்.” மேசையைத் தட்டி ஆமோதித்தோம். நல்ல மனிதர்கள் நிறைந்த சங்கம் என்ற நிம்மதியோடு தூங்கப் போனேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு டெட்லெஃப் தொப்பியோடும், கிளிப் வைத்த எழுத்தட்டையோடும் வந்தார். மரத்தில் பன்னிரண்டு கிளைகள். ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் எண் போட்டிருந்தார். முதல் கிளை பென்சில் பருமன். பன்னிரண்டாவது தொடைப் பருமன். அட்டையில் பன்னிரண்டு பேர்.

“மரத்த வெட்டச் சொல்லி நான் யாரையும் கேக்கல. ஆளுக்கு ஒரு கிளை. அவ்வளவுதான்” என்றார்.

முதல் எண் தபால்காரர். பென்சில் பருமனுள்ள கிளை. நகவெட்டியாலேயே வேலையை முடித்துவிட்டார். இரண்டாம் எண் நான்.

சத்தியம் செய்திருப்பதால் மறைக்க வழியில்லை. நான் அறுத்தேன். டெட்லெஃப் எனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். அவர் வாயில் இருந்த பெப்பர்மின்ட் வாசனை என் காதில் பட்டது. இது சரியா என்று கேட்டுப் பார்த்தேன்.

“பட்டியல்ல ரெண்டாவது பேரு உங்களுது” என்றார். பிறகு, மிகவும் அன்பாக, “பொறுப்பு என்னோடது. நீங்க அறுத்தா போதும்.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் கை எவ்வளவு லேசாகிவிடுகிறது என்பது அறுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நெரிசலான வண்டியில் நம் பெட்டியை யாரோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டதுபோல இருந்தது. விரல் பருமனுள்ள கிளை. நாலு இழுப்பில் விழுந்தது. இதென்ன, வசந்தத்தில் எல்லோரும் கவாத்து செய்வதுதானே என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அடுத்தவரும் அதையே நினைத்திருப்பார், அவருடைய கிளை என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் பருமன்.

ஐந்தாம் எண் கெஷே. அழுதுகொண்டே அறுத்தார். மிகச் சுத்தமாக, இரண்டு நிமிடத்தில். வெட்டுவாயில் மெழுகு பூசிவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்கினார். அவருடைய கையை உன்னிப்பாகப் பார்த்தேன். அழுகவில்லை.

ஒரு மணிக்கு மணி அடித்தபோது ஆறு கிளைகள் தரையில் கிடந்தன. ஏழாம் கிளையில் பாதியில் ரம்பம் நின்றது. அதை அறுத்துக்கொண்டிருந்த போயே ஹான்சன் மரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஏணி கிரீச்சிடும் ஏணி, இறங்கினால் விதிமீறல். இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தார். ஒரு புறா அவர் தோளில் கூடு கட்ட ஆரம்பித்து, பருவம் தப்பிவிட்டதை உணர்ந்து நிறுத்திக்கொண்டது.

அமைதி நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால் நான் யோசித்தேன். இவர்களுக்குப் புத்தி சொல்லி மாற்றலாமா? பயனில்லை. நேற்று இரவு இவர்கள் எல்லோரும் நல்ல புத்தியோடுதான் இருந்தார்கள். அதே புத்தியோடுதான் இன்று அறுக்கிறார்கள். வெள்ளிக்கும் சனிக்கும் நடுவே மாறியது மனசு இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள், யார் தலையில் என்ன இருக்கிறது, யார் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது. ஆகவே ஒருவர் மனசையும் தொடக்கூடாது, நாற்காலிகளை மட்டும் நகர்த்தலாம் என்று முடிவு செய்தேன். நாற்காலி நகர்த்துவதில் எனக்கு எப்போதுமே கைராசி உண்டு.

முதலில் தொப்பி. சங்கக் கட்டடத்து விசுப்பலகையில் டெட்லெஃப் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கினார். அதை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு முட்டைக்கோஸ் இலையை வைத்தேன். அதிகாரம் எல்லாம் அந்தத் தொப்பியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. மூன்று மணிக்கு அவர் எழுந்தார். தூக்கக் கலக்கத்தில் முட்டைக்கோஸ் இலையைத் தலையில் சரியாகப் பொருத்திக்கொண்டு, அட்டையோடு மரத்தடிக்கு வந்தார். “ஏழாம் எண், தொடருங்க” என்றார். போயே தொடர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் தலைவர் புதுத் தொப்பி வாங்கியிருக்கிறாரா என்று என்னிடம் மரியாதையாக விசாரித்தார். ஏழாம் கிளை விழுந்தது.

என் கணிப்பு தவறு. அட்டையை மறந்துவிட்டேன். அட்டையை எடுக்க வழியில்லை. அவர் கையை விட்டு அது இறங்குவதே இல்லை.

அடுத்தது ஹெர்மா. காலையிலிருந்து அவர் தன் மரக்குடிலுக்குள் திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. மரம் மட்டும் தெரிந்தது, மரத்துக்குச் சொந்தக்காரர் தெரியவில்லை. கதவைத் தட்டி, ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று விதியில் இருப்பதாகச் சொன்னேன். விதி என்றதும் வந்துவிட்டார். அவரும் எங்கள் சங்கத்து உறுப்பினர்தானே. அவரோடு ஈக்களும் வந்தன. வெட்டுப்பட்ட பக்கமாக மரத்தடிக்குள் நுழைந்து பார்த்தன. முன்பு அது அவற்றால் முடியாத காரியம்.

எட்டாம் எண் ரொட்டிக்கடைக்காரர். மேலே ஏறி ரம்பத்தை வைத்துவிட்டுக் கீழே பார்த்தார். ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு ஹெர்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்து வைங்க காலை. அந்தக் கிளை பாசி, வழுக்கும்” என்றார் ஹெர்மா.

ரொட்டிக்கடைக்காரர் இருபத்தைந்து நிமிடம் அறுத்தார், ரம்பத்தின் முதுகுப் பக்கத்தால். அவ்வளவு மெதுவாக அறுத்ததில் மரம் அந்த வெட்டை ஆற்றிக்கொண்டே வந்தது. கடைசியில் தொடங்கியபோது இருந்ததைவிடக் கிளை அரை விரல் பருத்திருந்தது. டெட்லெஃப் பொறுமையாகப் பார்த்தார். பக்கத்து ஏணியில் ஏறி, ரம்பத்தைத் திருப்பி வைத்து, “பல்லு இந்தப் பக்கம் இருக்கு” என்றார். ஒரு கை தூரத்தில் நின்றார். எட்டாம் கிளையும் விழுந்தது.

ஆக, பாதி வெற்றி. அடிபடுபவர் அருகில் வந்தால் கை தயங்குகிறது. ஆனால் உத்தரவிடுபவர் அதைவிட அருகில் நிற்கிறார். அவரைத் தள்ளி வைக்க வேண்டும்.

பழைய டிராம் நிறுத்தத்தில் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. அங்கே போய்ச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்தேன். தலைவரைக் கூப்பிடச் சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மாவட்டச் சங்கத்திலிருந்து பேசுவதாகவும், மறு உத்தரவு வரும்வரை தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். யார் பேசுவது, எதற்காக என்று அவர் கேட்கவே இல்லை. “சரிங்க” என்றார். கம்பி வழியே அவருடைய குதிகால்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் ஓசை கேட்டது. சொன்னபடி கேட்பதில் டெட்லெஃப் எங்கள் எல்லோரையும்விடச் சிறந்தவர். அதனால்தான் தலைவரானார்.

திரும்பி வந்தபோது அவர் கோடைவிழா ஒலிபெருக்கியை எடுத்துவிட்டிருந்தார். சங்கக் கட்டடம் எண்பது மீட்டர் தூரம். நடுவில் பதினோரு வேலிகள். “ஒன்பதாம் எண், ஆரம்பிங்க” என்று காற்றில் குரல் வந்தது.

ஒன்பதாம் எண் ஃபோல்கர்ட் அஸ்முஸ், கப்பல் பட்டறையில் வெல்டர். சுற்றிலும் பார்த்தார். ஏணியில் ஏறவில்லை. ஒரு பழைய வேலிப்பலகையை முழங்காலில் வைத்து, ஊரே கேட்கும்படி அறுத்தார். துண்டு விழுந்ததும் கையைக் குவித்து, “ஒம்பது முடிஞ்சுதுங்க” என்று கத்தினார்.

“நன்றி. பத்து.”

அதற்குப் பிறகு வேலை அபாரமாக நடந்தது. காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்று பலகை அறுத்தார்கள். கெஷே தனக்கு இன்னொரு முறை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். முடியாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, அதையும் குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு உத்தரவுக்கும் பணிவாகப் பதில் சொன்னார்கள். முடியாது என்று சொல்லத் துணிவில்லாதவர்கள் முடிந்தது என்று சொல்கிறார்கள். அதற்கும் கொஞ்சம் துணிவு வேண்டும்தான். உற்சாகத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. ஐந்தரை மணிக்குப் பன்னிரண்டு கிளை இருந்த மரத்தில் பத்தொன்பதாம் கிளை விழுந்துவிட்டதாக அறிவித்தோம். ஒலிபெருக்கி பத்தொன்பதுக்கும் நன்றி சொன்னது.

ஆறு அடிக்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது டெட்லெஃப் நேரில் வந்தார். தொலைபேசிக்குப் பக்கத்தில் பதில் ஆளாகத் தன் மனைவியை உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். மரத்தைப் பார்த்தார். நாலு பெரிய கிளைகள் அப்படியே இருந்தன. அட்டையைப் பார்த்தார். பத்தொன்பது கிளைகளுக்கு டிக் அடித்திருந்தது. இன்னொரு முறை மரத்தைப் பார்த்தார். அட்டையை நம்பினார்.

“இனி அடிமரம்” என்றார்.

இரண்டு பேர் இழுக்கும் நீள ரம்பத்தை எடுத்து வந்தார்கள். பட்டியலில் இரண்டு பேர்: ஒரு முனையில் ஃபோல்கர்ட், மறுமுனையில் கெஷே. டெட்லெஃப் ஒரு கை தூரத்தில். மறுபடியும் காலை எட்டு மணிபோல ஆகிவிட்டது. கெஷேயின் முகத்திலிருந்து பலகை அறுத்த சந்தோஷம் வடிந்துவிட்டது. ஆனாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கெஷே பிடித்துவிட்டார் என்று ஃபோல்கர்ட்டும் பிடித்தார்.

ஹெர்மா மரத்தில் உள்ளங்கையை வைத்தார். “கொஞ்சம் மேல வெச்சு அறுங்க கெஷே. அடியில நான் சாஞ்சிக்கிற எடம்” என்றார்.

என் கையில் மிச்சம் இருந்தது அந்தத் தொப்பி ஒன்றுதான். காலையிலிருந்து கோட்டுக்குள் வைத்திருந்தேன் என்று எழுத வந்தேன், இல்லை, மதியத்திலிருந்து. சத்தியம் சத்தியம்தான். தூறல் விழ ஆரம்பித்தது. எனக்குப் பக்கத்தில் மோம்மே யெசென் நின்றிருந்தார். லீக்ஸ் என்ற பெரிய வெங்காயத்தாள் வளர்ப்பவர், காது மந்தம், நாற்பது வருடத்தில் ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. நனையப்போகிறாரே என்று தொப்பியை அவர் தலையில் வைத்தேன். வைக்கும்போது என் விரல் பட்டு அவருடைய காதுக்கருவி புல்லில் விழுந்தது. அதை மிதித்துவிடப் போகிறார்கள் என்ற பயத்தில் மோம்மே கையை உயர்த்தினார்.

“எல்லாரும் நில்லுங்க. யாரும் நகரக்கூடாது.”

பரிசோதகர் தொப்பிக்குக் கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது. ரம்பம் நின்றது. ஃபோல்கர்ட் சட்டைப் பையைத் தடவினார். தபால்காரர் பணப்பையைத் திறந்தார். எல்லோருக்கும் முன்னால், கண் இமைப்பதற்குள், டெட்லெஃப்பின் கை அவருடைய கோட்டுப் பைக்குள் போய்ப் பயணச்சீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டது. முட்டைக்கோஸ் இலையிலிருந்து மழைத்துளி சொட்டியது.

சீட்டு கிடைக்காமல்தான் அவருக்கு நினைவு திரும்பியது. “அறுங்க” என்றார். மோம்மேவுக்குக் காது கேட்கவில்லை. கால்கள் அசைவதை மட்டும் பார்த்து, “நில்லுங்கன்னு சொன்னேன்” என்றார். அட்டை ஒன்று சொல்கிறது, தொப்பி ஒன்று சொல்கிறது. பிறந்ததிலிருந்து எங்கள் மக்கள் இப்படி ஒரு நிலையில் நின்றதில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள் என்றால், நடுவில் ஒரு மனிதர் நிற்க இடம் கிடைக்கிறது. அந்த இடத்தில் கெஷே நிற்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆறு மணிக்கு நாலு நிமிடம் இருந்தது. டெட்லெஃப் கெஷேயின் பக்கம் குனிந்து, காலையில் எனக்குச் சொன்ன அதே அன்போடு சொன்னார்: “பொறுப்பு என்னோடது.”

“அப்போ ரம்பத்தையும் நீயே பிடி டெட்லெஃப்” என்றார் கெஷே.

பதினைந்து வருடமாக அவரை ‘நீங்க’ என்று மட்டுமே கூப்பிட்டவர். கைப்பிடியை அவர் கையில் வைத்துவிட்டுப் போய் ஹெர்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். ஃபோல்கர்ட் ஒரு கணம் யோசித்தார். “நானும் விட்டுடறேன்” என்று தன் முனையைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். அதன்பிறகு வரிசையாகக் கேட்டது: நானும், நானும், நானும். காலையிலேயே தன் கிளையை வெட்டி முடித்துவிட்ட தபால்காரர், தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சேர்த்துக்கொண்டோம். அடுத்துப் பேசியவன் நான்.

டெட்லெஃப் இரண்டு ஆள் ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ஆளால் இழுத்தால் அது வளையுமே தவிர அறுக்காது. எங்களைப் பார்த்தார். எல்லோர் கைகளும் பைக்குள் இருந்தன. அவரும் எங்களில் ஒருவர்தான், பாவம். யாராவது ஒருவர் மறுமுனையைப் பிடித்திருந்தால் அறுத்திருப்பார். யாரும் பிடிக்கவில்லை.

ஆறு மணி அடித்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் ரம்பம் ஓடக்கூடாது. அவர் ரம்பத்தை மெல்லக் கீழே வைத்தார். அட்டையை எடுத்து, கடைசி வரியில் ‘பணி நிறைவடைந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அட்டையில் பத்தொன்பது கிளைகள் விழுந்திருந்தன. அப்படியிருக்க அடிமரம் மட்டும் நிற்க நியாயமில்லை. அன்றிலிருந்து எங்கள் பதிவேட்டில் அந்த மனையில் வால்நட் மரம் கிடையாது. இல்லாத மரத்தை அகற்றச் சொல்லி எந்தத் தலைவராலும் கடிதம் எழுத முடியாது.

அடுத்த மே மாதம் வெட்டுவாய்களில் எல்லாம் துளிர்விட்டது. ஹெர்மா நாற்காலியை மரத்தடிக்கு இழுத்துப் போட்டு, பிளம் கேக்கோடு எங்கள் எல்லோரையும் அழைத்தார், டெட்லெஃப்பையும் சேர்த்து. ஈக்கள் வேலிக்கு வெளியே ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் வரிசையாகக் காத்திருந்தன.

இந்தக் கதை எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்காகத் தலைவர் டெட்லெஃப் பிரோடர்சனின் எழுத்துப்பூர்வமான உத்தரவின்படி எழுதப்பட்டது; மரம் பிழைத்ததாக முடிக்கச் சொன்னவரும் அவர்தான்.